ஓடாத டெஸ்ட்

சுவிட்சை அணைக்க எப்போதாவது பயந்திருக்கிறீர்களா? சரி, அது எல்லோருக்கும் உண்டு. போடுவதற்குப் பயந்திருக்கிறீர்களா?

எனக்கு அந்தப் பயம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. இன்னும் முழுசாகப் போகவில்லை. லிப்ட் பட்டனை அமுக்கும்போதுகூட விரல் ஒரு நொடி நின்றுதான் அமுக்குகிறது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிப் பகுதியில் ஒரு சின்ன கம்பெனி. கிளினிக், வக்கீல் ஆபீஸ் மாதிரி இடங்களுக்கு ஃபைல்களைப் பல வருடம் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு கறுப்புப் பெட்டி செய்கிறோம். உள்ளே டிஸ்க். டிஸ்க்கில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, அதன் தேதி என்ன என்று பதிவு வைத்திருக்கும் மென்பொருளுக்கு ஃபைல்சிஸ்டம் என்று பெயர். அதை நூறு விதமாகச் சோதித்து உடைத்துப் பார்ப்பது என் வேலை. யூனிவர்சிட்டி முடித்த கையோடு சேர்ந்தேன். உடைப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை காலை ரிப்போர்ட் வரும். தோற்ற டெஸ்ட் சிவப்பு, ஜெயித்தது பச்சை. யாருடைய பகுதியில் சிவப்பு விழுகிறதோ அவர் எல்லோருக்கும் பிசாங் கோரெங், அதாவது வாழைப்பழ பஜ்ஜி, வாங்கித் தர வேண்டும். நான் ஏழு மாதமாக ஒரு தடவைகூட வாங்கியதில்லை. மற்றவர்கள் வாங்கித் தருவதைத் தின்பதில் முதல் ஆள் நான்.

எப்படி வாங்காமல் தப்பித்தேன் என்பதுதான் இந்தக் கதை.

தேதியை டிஸ்க்கில் வினாடிகளாக எண்ணி ஒரு சின்ன இடத்தில் எழுதுவார்கள். எங்கள் பெட்டியில் அந்த இடம் 2038 ஜனவரி வரைதான் தாங்கும். அதற்கு மேல் ஒரு தேதியைக் கொடுத்தால், ஒழுங்கான ஃபைல்சிஸ்டம் 2038-லேயே நின்றுகொள்ளும். ஒழுங்கில்லாதது ரோட்டில் ஓடித் தேய்ந்த பழைய காடியின் கிலோமீட்டர் எண் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி 1901-க்குப் போய் அங்கிருந்து எண்ணும். இதைப் பிடிக்க ஒரு டெஸ்ட் இருக்கிறது. எல்லைக்கு வெளியே ஒரு தேதியை ஃபைலுக்குக் கொடுக்கும், படிக்கும், டிஸ்க்கைக் கழற்றி மறுபடி மாட்டிப் படிக்கும். கழற்றுவதற்கு முன்னால் எப்போதும் சரியாகத்தான் வரும், ஏனென்றால் அது மெமரியிலிருந்து வருகிறது. டிஸ்க்கில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்பது கழற்றி மாட்டினால்தான் தெரியும்.

அந்த டெஸ்டுக்கு ஒரு பட்டியல் வேண்டும். எந்த ஃபைல்சிஸ்டத்துக்கு எது கடைசித் தேதி என்ற பட்டியல். எங்களுடையது ஒரு பெரிய ஃபைல்சிஸ்டத்திலிருந்து நாங்களே வெட்டி ஒட்டியது, அதனால் பட்டியலில் இல்லை. டெஸ்ட் அதை அதன் பெரிய அண்ணன் என்று நினைத்துக்கொண்டு தோற்றது. நான் முதல் வரியை மட்டும் படித்தேன். எதிர்பார்த்தது: 2446. சிரித்தேன். 2446-ல் யார் இருக்கப் போகிறார்கள்? சரியான எல்லையைக் கணக்குப் போட்டு எழுத அரை மணி நேரம் ஆகியிருக்கும். அதற்குப் பதிலாக ‘எல்லை தெரியாது’ என்று பட்டியலில் எழுதினேன். எல்லை தெரியாவிட்டால் டெஸ்ட் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். ரிப்போர்ட்டில் ‘ஓடவில்லை’ என்று சாம்பல் நிறத்தில் விழும். சாம்பலுக்கு பிசாங் கோரெங் கிடையாது.

அந்தத் தோல்வியின் இரண்டாவது வரியை, கிடைத்த தேதி என்ன என்று சொல்லும் வரியை, நான் படிக்கவே இல்லை.

ஏழு மாதம் போனது. பாலிக் புலாவில் ஒரு கண் கிளினிக் எங்கள் பெட்டியை முதன்முதலாக வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. நான்தான் போய் மாட்டினேன். கண்ணின் உள்பக்கத்தைப் படம் எடுத்து, வருடா வருடம் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் டாக்டர் அவர். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், உள்ளவர்களுக்கு அந்தப் பழைய படங்கள்தான் முக்கியம். கவுன்டரில் ஒரு அக்கா. அவருடைய பழைய கம்ப்யூட்டர் இழுத்துக்கொண்டு கிடந்தது. அதிலிருந்த படங்களை எல்லாம் எங்கள் பெட்டிக்கு மாற்றினேன். ஒவ்வொரு படமும் இருபது வருடம் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அழிக்கக் கூடாத காலத்தை எங்கள் பெட்டி ஃபைலின் தேதியிலேயே எழுதிவிடும். அதாவது 2045.

நான் வேலை செய்துகொண்டிருந்தபோது ஒரு அங்கிள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்கூல் வேன் ஓட்டுபவர். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் எதுவும் தெரியவில்லை, வாய் மட்டும் நன்றாக வேலை செய்தது.

“பாப்பா, அந்தப் பெட்டிக்குள்ளயா என் கண்ணு போவுது?”

“ஆமா அங்கிள்.”

“பாத்துமா. இந்த கிளினிக்குல மொத நம்பர் நான்தான். டாக்டரு போர்டு மாட்டுன அன்னிக்கே வந்துட்டேன். கேளு அந்த அக்காவ.”

“நம்பர் ஒண்ணுலா,” என்று அக்கா கவுன்டரிலிருந்து சொன்னார். “அத சொல்லியே வரிசையில முந்திக்குவாரு.”

“இருபது வருசத்துக்கு ஒண்ணும் ஆவாது அங்கிள்,” என்றேன். “நான் கேரண்டி.”

அப்படியேதான் சொன்னேன். நான் கேரண்டி.

ஒன்பது நாள் கழித்து, அந்தச் செவ்வாய்க்கிழமை, பெட்டி வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வேறு ஒரு வாடிக்கையாளர் ஓடாத டெஸ்ட் எல்லாவற்றுக்கும் காரணம் கேட்டிருந்தார். எங்கள் குழுத் தலைவர் அண்ணன் என் மேசைக்கு வந்து, “இந்த சாம்பலு எல்லாத்தையும் கிளியர் பண்ணிருமா,” என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் அலட்சியமாக எல்லையை 2038 என்று எழுதி ஓட்டினேன். சிவப்பு. பட்டியலில் ஏதோ தப்பு என்று நினைத்து, கையாலேயே ஒரு ஃபைலுக்கு 2045 கொடுத்தேன். படித்தேன். 2045. டிஸ்க்கைக் கழற்றி மாட்டினேன். படித்தேன்.

1909.

கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் மிச்சமெல்லாம் ஞாபகம் வந்தது. பெட்டி ஒவ்வொரு முறை எழும்போதும் ஒரு துப்புரவு வேலை ஓடும். காலம் முடிந்த ஃபைலை எல்லாம் அழித்துவிடும். அதன் கணக்கில் 1909 முடிந்துபோன காலம். கிளினிக் பெட்டி மாட்டிய நாளிலிருந்து அணைக்கப்படவில்லை. அது ஓடிக்கொண்டிருக்கும்வரை எல்லாத் தேதியும் 2045 என்று அழகாகத் தெரியும். ஒரு தடவை அணைத்துப் போட்டால், அத்தனை கண்ணும் போய்விடும்.

கை வியர்த்ததில் டச்பேட் கேட்கவில்லை. பேன்ட்டில் துடைத்தேன், மறுபடி வியர்த்தது. அண்ணனிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டு கிளினிக்கைக் கூப்பிட்டேன்.

“அக்கா, அந்தக் கறுப்புப் பெட்டி ஓடுதா?”

“ஓடுது தங்கச்சி. ஆனா இடி இடிக்குது இங்க. இப்பத்தான் பிளக்க எல்லாம் கழட்டலாம்னு எந்திரிச்சேன்.”

“கழட்டாதீங்க!”

“என்னம்மா இப்படி கத்துறீங்க? இடி இடிச்சா நாங்க எல்லாத்தையும் கழட்டிருவோம்லா. போன வருசம் மோடம் வெடிச்சு பொகையா வந்துச்சு.”

“அக்கா, ப்ளீஸ். மத்ததெல்லாம் கழட்டுங்க, அத மட்டும் தொடாதீங்க. என்ன ஆனாலும் அது ஆன்லயே இருக்கணும். என்ன ஆனாலும்.”

“சரி சரி. என்ன ஆனாலும் ஆன்ல இருக்கும். நான் பாத்துக்குறேன், நீங்க பயப்படாதீங்க.”

போனை வைத்ததும் மூச்சு வந்தது. இனி அண்ணனிடம் சொல்லலாம், பாதி வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். சொன்னேன். சாம்பல் நிறத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவர் வாயில் இருந்த மிட்டாயைக் கடிப்பதை நிறுத்திவிட்டார்.

“டாக்டர்கிட்ட வேற காப்பி இருக்கா?”

“பழைய கம்ப்யூட்டர மறுநாளே பழைய இரும்பு வாங்குறவர்கிட்ட குடுத்துட்டாங்களாம்.”

“அந்த அக்காகிட்ட என்ன சொன்ன? அப்படியே சொல்லு.”

“என்ன ஆனாலும் ஆன்லயே இருக்கணும்னு சொன்னேன்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “ஃபைலு எப்ப அழியும்? கரண்டு போறப்பவா?”

“இல்ல... மறுபடி எந்திரிக்கிறப்ப.”

“அப்ப அணைஞ்சு கெடந்தா?”

“ஒண்ணும் ஆவாது.” சொல்லும்போதே என் தப்பு புரிந்தது. அணைந்து கிடந்தால் டிஸ்க்கைக் கழற்றி எடுத்து வந்து, வேறு மெஷினில் மாட்டி, எல்லாப் படத்தையும் நிதானமாக எடுத்துக்கொள்ளலாம். தேதி மட்டும்தான் தப்பாக இருக்கும். படம் அப்படியே இருக்கும்.

“அங்க இடி இடிக்குது,” என்றார் அண்ணன். “இப்ப கரண்டு போயிருச்சுன்னு வை. என்ன ஆனாலும் ஆன்ல இருக்கணும்னு நீ சொல்லிருக்க. அந்த அக்கா என்ன செய்வாங்க?”

நான் போனை எடுத்தேன். திரும்பக் கூப்பிட்டேன். மணி அடிக்கவே இல்லை, செத்த லைன். கிளினிக் போன் கரண்டில் ஓடுவது. டாக்டர் கடல் தாண்டி அக்கரையில் ஆபரேஷனில் இருந்தார், கைபேசி அணைந்திருந்தது. அக்காவின் சொந்த நம்பரை நான் வாங்கவே இல்லை. இருபது வருட கேரண்டி கொடுத்தவள் ஒரு நம்பர் வாங்கவில்லை.

அண்ணன் காடி சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

மூன்று மணி ஃபேக்டரி ஷிப்ட் பஸ்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. தெலுக் கும்பார் தாண்டுவதற்குள் அண்ணன் இருபது தடவை பிரேக் போட்டுவிட்டார், மலைப்பாதை இன்னும் தொடங்கவே இல்லை. பிறகு அதுவும் தொடங்கியது. வளைவுக்கு வளைவு மழை கூடிக்கொண்டே போனது. வைப்பர் அடித்து அடித்துப் பார்த்தது, ஒன்றும் தெரியவில்லை. ஓர் இடத்தில் டுரியான் மரக் கிளை ஒன்று ரோட்டில் விழுந்து கிடந்தது. அண்ணன் பிஸ்மி சொல்லிக்கொண்டே அதன்மேல் ஏற்றி இறக்கினார். நான் ஐந்து நொடிக்கு ஒரு தடவை கிளினிக் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தேன்.

“எத்தன மாசமா இது தெரியும் உனக்கு?”

“இப்பத்தான் அண்ணே.”

“சாம்பலு எத்தன மாசமா?”

“...ஏழு.”

“ஏழு மாசமா எங்க பிசாங் கோரெங்க தின்னுருக்க.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தேன். கொஞ்ச தூரம் போனபின் அவரே சொன்னார், “நானும் ரிப்போர்ட்டுல சாம்பல பாத்ததில்ல. செவப்பு இருக்கான்னு மட்டும் பாத்துட்டு மூடிருவேன்.” அது எனக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் பயமாக இருந்தது. பார்க்க வேண்டிய இரண்டு பேருமே பார்க்கவில்லை என்றால் பிறகு யார் பார்த்தார்கள்?

பாலிக் புலாவுக்குள் நுழைந்தபோது சிக்னல் விளக்கு எரியவில்லை. கடைகள் எல்லாம் இருட்டு. கரண்ட் இல்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. கரண்ட் இல்லை, பெட்டி அணைந்து கிடக்கும், அக்கா பாவம் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வந்துவிடலாம்.

கிளினிக் வாசலில் காடியை நிறுத்தியபோது டப டப டப என்று ஒரு சத்தம். பக்கத்து டுரியான் பழக்கடையின் ஜெனரேட்டர். அதிலிருந்து ஓர் ஆரஞ்சு வயர் மழைத் தண்ணீருக்குள் ஊர்ந்து, கிளினிக் கதவுக்குக் கீழே போய் மறைந்திருந்தது.

நான் ஓடினேன். அக்கா டார்ச் லைட்டோடு எழுந்து நின்று முகமெல்லாம் சிரித்தார்.

“தங்கச்சி! பாருங்க, விட்டேனா? கரண்டு போயி முக்கா மணி நேரத்துக்கு மேல ஆச்சு. பக்கத்துக் கடையில போயி சண்ட போட்டு வயரு இழுத்துட்டேன். அந்த ஆளு ஐஸ் பெட்டிய கழட்ட மாட்டேன்னாரு, டுரியான் கெட்டுப்போவுமாம். ஆஸ்பத்திரி சாமானுலா இதுன்னு நல்லா குடுத்தேன்!”

இருட்டில் பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. அந்த விளக்கின் மொழி எனக்கு மனப்பாடம். மெதுவாக மினுக்கினால் டிஸ்க்கைப் பரிசோதிக்கிறது. வேகமாக மினுக்கினால் துப்புரவு வேலை ஓடுகிறது.

வேகமாக மினுக்கியது.

எப்படிப் பிடுங்கினேன் என்று தெரியாது. வயரோடு சேர்ந்து சுவரோரம் விழுந்திருந்தேன், பிளக் கையில் இருந்தது. முட்டியில் ரத்தம். அக்காவின் டார்ச் என் முகத்தில்.

“எவ்ளோ நேரமா ஓடுச்சு அக்கா?”

“அஞ்சு நிமிசம் இருக்குமா? ஏன்மா, நான் தப்பா ஏதாச்சும்...”

“நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல,” என்றார் அண்ணன். “இந்தப் பொண்ணு சொன்னத அப்படியே செஞ்சிருக்கீங்க.”

திடீரென்று கரண்ட் போனால் எங்கள் பெட்டி எழுந்தவுடன் முதலில் டிஸ்க் முழுவதையும் பரிசோதிக்கும். அதற்கு நாலரை நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். இவ்வளவு மெதுவா, வெட்கமாக இல்லையா என்று நானே மூன்று தடவை புகார் எழுதியிருக்கிறேன். திரும்பி வரும் வழியெல்லாம் டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு ஐந்திலிருந்து நாலரையைக் கழித்துக்கொண்டே வந்தேன். அக்காவின் ஐந்து நிமிடம் உண்மையில் ஐந்தா, ஆறா, எட்டா? அந்த டுரியான் கடைக்காரர் ஐஸ் பெட்டிக்காக இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கக் கூடாதா?

லேபில் அண்ணன்தான் டிஸ்க்கை மாட்டினார், படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது என்கிற முறையில். நோயாளி நம்பர் வரிசையில் ஃபோல்டர்கள் திரையில் இறங்கின. ஆயிரத்துச் சொச்சம். கடைசி வரை எல்லாம் இருந்தன. அண்ணன் என் முதுகில் ஒன்று வைத்தார். நான் பட்டியலின் மேலே போனேன்.

நாலாம் நம்பரிலிருந்து தொடங்கியது.

அழித்த ஃபைல்கள் உடனே காணாமல் போவதில்லை. வேறு எதுவும் அந்த இடத்தில் எழுதப்படாதவரை தோண்டி எடுக்கலாம். இரண்டாம் நம்பரும் மூன்றாம் நம்பரும் மறுநாள் முழுசாகக் கிடைத்தன. ஒன்றாம் நம்பர் கிடைக்கவில்லை. அது இருந்த இடத்தைத் திறந்து பார்த்தபோது கண் இல்லை, எழுத்து இருந்தது. துப்புரவு வேலை தான் செய்ததைப் பதிவு செய்து வைக்கும். காலியான முதல் இடத்தில் அந்தப் பதிவை எழுதிவிட்டது. 1 அழிக்கப்பட்டது. 2 அழிக்கப்பட்டது. 3 அழிக்கப்பட்டது. அடுத்த இடத்திலும் அதேதான், அதற்கடுத்ததில் குப்பை.

டாக்டரிடம் சொல்ல அண்ணனும் வந்தார். டாக்டர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

“போன தடவ எடுத்த படத்துல அவரு கண்ணுல சின்னதா ஒரு ரத்தப் புள்ளி இருந்துச்சு,” என்றார். “அது வளருதா, அப்படியே இருக்கான்னு பழசு பக்கத்துல வச்சாத்தான் தெரியும். இப்ப எனக்குத் தெரியாது. புதுசா ஒண்ணு எடுத்துட்டு, மூணு வாரம் கழிச்சு இன்னொண்ணு எடுக்கணும். அதுவரைக்கும் அவரு பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு வேன் ஓட்டக் கூடாது. நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க.”

சொன்னேன். அவர் வீட்டு வாசலில் மஞ்சள் வேன் நின்றது. அங்கிள் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் எதுவும் வரவில்லை.

“அங்கிள், உங்க பழைய படம் போயிருச்சு. என்னாலதான்.”

அவர் டயரிலிருந்து காலை எடுத்தார். “எல்லாருதும் போச்சா?”

“உங்களுது மட்டும்.”

“மொத நம்பர் நான்தான்னு பீத்திக்கிட்டேன்ல,” என்றார். சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. “நம்பர் நாலா இருந்துருக்கலாம். சரி பாப்பா, அந்தப் புள்ளி பெருசா இருந்தா?”

எனக்குத் தெரியாது என்றேன். எனக்கு நிஜமாகத் தெரியாது.

பட்டியலில் இப்போது 2038 என்று எழுதியிருக்கிறது. அந்த டெஸ்ட் ஓடியது, தோற்றது. இரண்டு பேர் உட்கார்ந்து ஃபைல்சிஸ்டத்தைத் திருத்தினார்கள். இப்போது 2045 கொடுத்தால் கழற்றி மாட்டிய பிறகும் 2038-ல் நிற்கிறது. காலம் முடியும் தேதியைத் தனியாக வேறு ஃபைலில் எழுதுகிறோம். சாம்பலுக்கும் ரிப்போர்ட்டில் காரணம் எழுத வேண்டும் என்று அண்ணன் விதி போட்டுவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை பிசாங் கோரெங் நான்தான் வாங்கினேன். இரண்டு பை. எனக்கு ஒரு துண்டுகூட இறங்கவில்லை.

இன்றோடு மூன்று வாரம். இதை கிளினிக்கில் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். அங்கிள் இரண்டு நாற்காலி தள்ளி இருக்கிறார், கண்ணில் மருந்து விட்டிருக்கிறது, கறுப்புக் கண்ணாடி. இன்று வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது படத்தை இரண்டரைக்கு எடுப்பார்கள். மணி இரண்டு பத்து.